ஓர்வியேட்டோவில் ஒரு வேளைச் சாப்பாடு: இத்தாலிக்குக் குழுப் பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஐரோப்பாவுக்கு ஆட்களை அழைத்துப் போகிறீர்கள். விசா வாங்கித் தருவதில் தொடங்கி, முழங்கால் வலிக்காரருக்கு முன்சீட் ஒதுக்குவது வரை நீங்கள் பார்க்கும் வேலை லேசானதில்லை. தனியாக விமானம் ஏறத் தயங்கும் எத்தனையோ பெற்றோர் உங்களை நம்பித்தான் ரோமையும் வெனிஸையும் பார்க்கிறார்கள். அந்த மரியாதை குறையாமல்தான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகும் அந்த ஒரு நாளில், மதியச் சாப்பாட்டை மலைமேல் இருக்கும் ஓர் ஊரில், அந்த ஊர்க்காரர்கள் நடத்தும் உணவகத்தில், எல்லோரும் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

எந்த ஊர் என்றும் சொல்லிவிடுகிறேன். உம்ப்ரியா மாநிலத்து ஓர்வியேட்டோ. உங்கள் பேருந்து போகும் ஏ1 நெடுஞ்சாலை இந்த ஊரின் காலடியில்தான் ஓடுகிறது. ரோமிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். சன்னலோரம் உட்கார்ந்தவர்கள் தலையைத் தூக்கினால் செங்குத்தான ஒரு பாறையும் அதன் உச்சியில் வீடுகளும் தெரியும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை அது. பேருந்தைக் கீழே ரயில் நிலையத்துப் பக்கம் நிறுத்திவிட்டு, அங்கிருந்தே புறப்படும் கேபிள் ரயிலில் ஏறினால் இரண்டே நிமிடத்தில் மேலே போய்விடலாம். 1888ல் தண்ணீரின் எடையை வைத்து ஓடத் தொடங்கிய வண்டி. இடையில் நின்றுபோய், 1990ல் மின்சாரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. படியேற முடியாதவர்களுக்கும் சிரமமில்லை. மேலே இறங்கியதும் பேராலயம் வரை போகச் சிறிய பேருந்து இருக்கிறது.

இப்போது என்ன நடக்கிறது? பல குழுக்கள் இந்த ஊரைத் தொடாமலே போய்விடுகின்றன. நிறுத்துகிற குழுக்களும் ஒன்றரை மணி நேரத்தில் பேராலயத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகின்றன. சாப்பாடு நெடுஞ்சாலை ஓரத்தில், இந்தியக் குழுக்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு மண்டபத்தில். பாரிஸிலும் சூரிச்சிலும் பார்த்த அதே பனீர், அதே பருப்பு, அதே சீரகச் சாதம். பத்து நாள் பயணம் முடிந்து ஊர் திரும்பியவரிடம், 'இத்தாலியில் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. லட்சக்கணக்கில் பணம் கட்டிப் போனவர் அவர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோர் போன ஒரு குழுவில் நானும் இருந்தேன். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. ஓர்வியேட்டோவின் அடிவாரத்தில் பேருந்து நின்றது. காலையிலேயே கட்டி எடுத்து வந்த எலுமிச்சைச் சாதத்தை அலுமினியத் தாளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். உட்கார இடமில்லை. வண்டி நிறுத்துமிடத்து ஓரக்கல்லில் சிலர், பேருந்துப் படியில் சிலர், மற்றவர்கள் நின்றபடியே சாப்பிட்டார்கள். அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி, "மேல போயி இவங்க என்னதான் சாப்பிடுறாங்கன்னு பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டார். நேரமில்லை என்று பதில் வந்தது. அம்மா அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அறுபத்தைந்து வயதுவரை மூன்று வேளையும் அடுத்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட மனுஷி, ஓர் ஊரில் என்ன சமைக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். அது நியாயமான ஆசை. பயணம் என்று கிளம்பிய பிறகு அதைவிடப் பெரிதாக வேறு என்ன வேண்டும்?

பின்னொரு சமயம் அம்மாவை மட்டும் ரயிலில் அழைத்துக்கொண்டு அதே ஊருக்குப் போனேன். கோர்சோ காவூர் என்ற பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குடும்பமே சேர்ந்து நடத்தும் ஒரு ட்ரட்டோரியா, அதாவது ஆடம்பரமில்லாத சிறு உணவகம். பத்து மேசைகூட இருக்காது. உள்ளே போகிற வழியில் ஒரு மரப்பலகை. அதில் ஒரு அம்மாள் உம்ப்ரிகெல்லி என்ற தடித்த பாஸ்டாவைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார். மாவில் சின்னத் துண்டு கிள்ளி, பலகையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உருட்டிக்கொண்டே போகிறார். மாவு நீண்டு, பென்சிலைவிடக் கொஞ்சம் மெல்லிசான கயிறாகிறது. ஒன்றுபோல் ஒன்று இல்லை. இங்கே தடித்து, அங்கே இளைத்து இருக்கிறது. அதை ரவைபோன்ற மாவு தூவிய தட்டில் சுருட்டி வைக்கிறார். கை முறுக்குச் சுற்றுகிற அம்மா அந்த விரல்களை விட்டுப் பார்வையை எடுக்கவேயில்லை. முட்டை உண்டா என்று என்னை விட்டுக் கேட்கச் சொன்னார். இல்லை, கோதுமை மாவு, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான் என்றார் அந்த அம்மாள். அதற்குத் தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்ட குழம்பு. தடித்த நூல் என்பதால் பல்லுக்கு நல்ல அழுத்தம் கொடுக்கும்; மாவின் சொரசொரப்பில் குழம்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அம்மா முழுத் தட்டையும் சாப்பிட்டு, மிச்சக் குழம்பை ரொட்டியால் துடைத்தும் சாப்பிட்டார். அங்கே எல்லோரும் அப்படித்தான் துடைத்துச் சாப்பிடுகிறார்கள். யாரும் தவறாக நினைப்பதில்லை.

இதை என் சொந்தக் கதையாக மட்டும் சொல்லவில்லை. உங்கள் வழிகாட்டிகள் காட்டும் காட்சிகளுக்கும் இந்தத் தட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் சாப்பாட்டை விட்டுவிட்டு இந்த ஊரைக் காட்டுவது பாதி வேலை என்கிறேன்.

ஓர்வியேட்டோ போகும் குழுக்களுக்குப் பெரும்பாலும் சான் பட்ரீசியோ கிணற்றைக் காட்டுவார்கள். 1527ல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து தங்கியது இந்தப் பாறையில்தான். எதிரி முற்றுகையிட்டால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று அவர் வெட்டச் சொன்ன கிணறு அது. ஆழம் 53 மீட்டர் அளவில் இருக்கும். இறங்க ஒரு சுழல்படி, ஏற ஒரு சுழல்படி. இரண்டும் எங்கேயும் சந்திக்காது. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றையொன்று இடிக்காமல் போய்வருவதற்காக இளைய அந்தோனியோ த சங்காலோ என்ற கட்டடக் கலைஞர் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு பக்கமும் 248 படிகள். நல்லது, காட்டுங்கள். ஆனால் தண்ணீருக்குத் திண்டாடிய பாறையில் சோற்றுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி அடுத்து வர வேண்டாமா?

பதில் அந்தப் பாறைக்குள்ளேயே இருக்கிறது. ஊருக்கு அடியில் மனிதர்கள் குடைந்த குகைகள் 1200க்கும் மேல் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பல புறாக்கூடுகள். சுவர் முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள். பாறையின் விளிம்பில் ஒரு சன்னல். புறா அதன் வழியாகப் பறந்து போய்த் தானே இரை தேடிக்கொண்டு திரும்பி வரும். வளர்ப்பவருக்குச் செலவில்லாத இறைச்சி. இன்றைக்கும் இந்த ஊர் உணவகங்களில் புறா சமைக்கிறார்கள். வேறு குகைகளில் திராட்சை மதுவை வைத்துக் காத்தார்கள். கோடையிலும் அங்கே குளுமை மாறாது. ஊர் பெயரிலேயே விற்கும் வெள்ளை வைன் அப்படி வளர்ந்ததுதான். முட்டை சேர்க்காத பாஸ்டா, பழைய ரொட்டியை வீணாக்காமல் போட்டுச் செய்யும் சூப், பயறுகள், வயல் வரப்பில் முளைக்கும் கீரை எல்லாம் கையில் காசில்லாத குடியானவர்களின் சமையல். கிணற்றையும் குகையையும் பார்த்த கையோடு அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தால், வழிகாட்டி அரை மணி நேரம் விளக்க வேண்டியதை நாக்கு தானாகப் புரிந்துகொள்ளும்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. உம்ப்ரியாவில் ரொட்டியில் உப்புப் போட மாட்டார்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நம்மவர்கள் உப்பு மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். 1540ல் போப் மூன்றாம் பவுல் விதித்த உப்பு வரியை எதிர்த்துப் பெருஜியா நகரம் கிளர்ந்தெழுந்தது, தோற்றும் போனது. வரி கட்ட மறுத்து உப்பில்லாமல் சுட்ட ரொட்டிதான் நிலைத்துவிட்டது என்று அங்கே கதை சொல்வார்கள். அதற்கு முன்பே அப்படித்தான் சுட்டார்கள் என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியோ, உப்பு வரி என்றதும் நமக்கு வேதாரண்யம் நினைவுக்கு வராமல் போகுமா? உங்கள் வழிகாட்டி இந்த ஒரு கதையைச் சொன்னாலே மேசை கலகலப்பாகிவிடும். உப்பு தூக்கலான பாலாடைக்கட்டியோடும் குழம்போடும் சாப்பிடும்போது அந்த ரொட்டியின் அருமை தெரியும்.

சரி, நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். அவை வெறும் சாக்கு என்று நான் நினைக்கவில்லை.

முதல் காரணம், 'பாதிப் பேர் சைவம்.' உண்மைதான். ஆனால் மத்திய இத்தாலியின் மலையூர்ச் சமையலைப்போலச் சைவர்களுக்கு இடம் கொடுக்கும் சமையல் ஐரோப்பாவில் குறைவு. உம்ப்ரிகெல்லி தக்காளிக் குழம்போடு கிடைக்கும். காஸ்தெல்லூச்சோ என்ற மலைச் சமவெளியில் விளையும் குட்டிப் பருப்பு இருக்கிறது. தோலோடு வேகவைத்தாலும் குழையாது. 2016 நிலநடுக்கத்தில் இடிந்துபோன ஊர் அது; ஆனாலும் விவசாயிகள் விதைப்பதை நிறுத்தவில்லை. கொண்டைக்கடலையும் செஸ்ட்நட்டும் போட்ட சூப், குளிர்காலத்துக்கு அருமை. பூண்டும் மிளகாயும் ஆலிவ் எண்ணெயும் விட்டு வதக்கிய சிக்கோரியா என்ற கசப்புக் கீரை. அப்புறம் ஃபஜியோலினா. ட்ரசிமேனோ ஏரிக்கரையில் விளையும் சின்னப் பயறு. ஏறக்குறைய அழிந்துபோன நிலையிலிருந்து மீட்டெடுத்தார்கள். வேகவைத்து ஆலிவ் எண்ணெய் விட்டுக் கொடுப்பார்கள். தாவர இனமாகப் பார்த்தால் அது நம் காராமணியேதான். அது கிடைக்கும் நாளில் தட்டைப் பார்த்ததும் உங்கள் பயணிகள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனால் சைவம் என்று சொல்லிவிட்டால் போதாது. எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் உங்கள் உதவி தேவை. சூப்பில் ப்ரோடோ, அதாவது இறைச்சி வேகவைத்த சாறு, சேர்த்திருக்கலாம். பருப்பைப் பல வீடுகளில் பன்றி இறைச்சித் துண்டோடுதான் வேகவைப்பார்கள். தட்டை ரொட்டி மாவில் பன்றிக் கொழுப்பான ஸ்ட்ரூட்டோ இருக்கலாம். தக்காளிக் குழம்பு என்று நினைத்து அமத்ரிச்சானா கேட்டால் பன்றிக் கன்னத்து இறைச்சி வரும். நோர்ச்சா ஊர் பன்றி இறைச்சிக்குப் பேர் போனது; ஆகவே மெனுவில் 'நோர்சினா' என்று கண்டால் சைவர்கள் நின்று விசாரிக்க வேண்டும். கறுப்பு ட்ரஃபிள் என்ற, மண்ணுக்கடியில் விளையும் காளான் வகைக் குழம்பில் சில இடங்களில் நெத்திலி வகை மீனை அரைத்துப் போடுகிறார்கள், பார்த்தால் தெரியாது. ஓர்வியேட்டோவின் ரொட்டிக் கடைகளில் நத்தை வடிவில் லுமகெல்லே என்று ஒரு பன் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சியும் இருக்கும். பர்மிஜானோ, பெக்கொரினோ ரொமானோ போன்ற பாலாடைக்கட்டிகளைக் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையை ஊற்றித்தான் செய்கிறார்கள். கண்டிப்பான சைவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லி, பாலாடைக்கட்டி தூவாமல் தரும்படி கேட்டுக் கொடுக்க வேண்டும். இத்தனையும் ஒரு அட்டையில் இத்தாலிய மொழியில் அடித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடலாம். ஒரு நாள் வேலை. ஆண்டுக்கணக்கில் பயன்படும்.

இஸ்லாமியப் பயணிகளுக்கும் இதே கவனம் வேண்டும். கோழிதானே என்று கேட்டால் 'காலினா உப்ரியாகா' வரும். வைன் ஊற்றி வேகவைத்த கோழி அது. அவர்களுக்கு இந்தப் பயறு, கீரை, பாஸ்டா வகைகளே பாதுகாப்பானவை. கூடவே பன்றிக் கொழுப்பும் வைனும் சேர்க்கவில்லை என்று சமையற்கட்டில் ஒரு வார்த்தை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இறைச்சி சாப்பிடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றிக் குழம்பும் புறாவும் ஆட்டிறைச்சியும் காத்திருக்கின்றன. அவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

அடுத்தது, 'நேரம் இல்லை.' இதில் சிக்கலே நேரத்தை எப்படி அடுக்குகிறீர்கள் என்பதுதான். இந்த ஊர்களில் மதியச் சமையலறை பெரும்பாலும் 12.30க்குத் திறந்து 2.30க்கு மூடிவிடும். பிறகு இரவு 7.30 வாக்கில்தான் அடுப்பு மறுபடி எரியும். மூன்று மணிக்குப் போய் நின்றால் உறைபனிப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடுகாட்டித் தரும் கடை மட்டும்தான் திறந்திருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு இத்தாலியச் சாப்பாடு நமக்கு ஒத்து வராது என்று சொல்லும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரோமில் காலை 8.30க்குக் கிளம்புங்கள். 10.30க்குள் மேலே இருக்கலாம். 1290ல் அடிக்கல் நாட்டிய பேராலயத்தையும், உள்ளே லூக்கா சிஞ்ஞொரெல்லி 1499லிருந்து 1504 வரை தீட்டிய சுவரோவியங்களையும் நிதானமாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். 12.30க்கு மேசையில் உட்கார்ந்தால் இரண்டரைக்குக் கீழே இறங்கலாம்; ஐந்து மணிக்குள் ஃப்ளாரன்ஸ். கிணற்றின் 248 படிகளை இறங்கி ஏற முடியாத வயதானவர்களைக் கட்டாயப்படுத்தாமல், விருப்பமுள்ளவர்களை மட்டும் ஊருக்குள் நுழையும்போதே அனுப்பிவிடலாம். கேபிள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அது. சர்க்கரை நோயாளிகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும் என்பீர்கள். நெடுஞ்சாலை மண்டபத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆவதைவிட, 12.30க்குப் பயறும் கீரையும் சாப்பிடுவது அவர்களுக்கு நல்லதுதானே?

மூன்றாவது, 'நாற்பது பேரை எந்தக் கடை தாங்கும்?' தாங்காது. தாங்கும் கடையைத் தேடுவதுதான் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஒரே நேரத்தில் நாற்பது பேருக்குப் பரிமாறும் கூடம் வைத்திருப்பவர் காலையிலேயே லசானியாவை அடுக்கி வைத்துவிடுவார். குழுவை நான்காகப் பிரியுங்கள். கடைக்குப் பத்துப் பேராக நான்கு சிறிய உணவகங்களில், பத்து நாள் முன்பே மேசை சொல்லி வையுங்கள். வாரத்தில் எந்த நாள் விடுமுறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மாறும். வியாழன், சனியில் போப்போலோ சதுக்கத்தில் சந்தை கூடும். முடிந்தால் அந்த நாட்களில் போங்கள். சமைக்கப்போகும் காய்களை அங்கேயே பார்த்துவிடலாம். முன்கூட்டியே இரண்டு வகைப் பாஸ்டா, ஒரு பயறு, ஒரு கீரை, தண்ணீர், பழம் என்று பேசி முடித்துவிட்டால் சமைப்பவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. மெனுவில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைபனியில் வைத்த பொருள் என்று அர்த்தம். சட்டப்படி அப்படிக் குறிக்க வேண்டும். கடை தேர்வு செய்யும்போது இந்தக் குறிகளை எண்ணிப் பாருங்கள், நிறைய விஷயம் புரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஆள் கூட்டி வருபவருக்குக் கமிஷனும் இலவசச் சாப்பாடும் கொடுக்கும் கடைகள் எந்தச் சுற்றுலா ஊரிலும் உண்டு. கடையை அதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்களிடம் பணம் கட்டியவர் சாப்பிடப்போகிறார் என்பதை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

செலவு? ஒரு தட்டுப் பாஸ்டா 10 முதல் 15 யூரோ. ஒரு பயறோ கீரையோ ஐந்தாறு யூரோ. கொபெர்ட்டோ என்று ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் சேரும். மேசை விரிப்புக்கும் ரொட்டிக்குமான கட்டணம் அது. ரொட்டி கேட்கவில்லையே என்று அங்கே போய்ச் சண்டை போடக் கூடாது, பேருந்திலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில்தான் வரும், அதற்கும் காசு உண்டு. முதல் வகை, இரண்டாம் வகை என்று மெனுவில் இருப்பதையெல்லாம் வரிசையாக வாங்க வேண்டும் என்ற கட்டாயம் மதியத்தில் இல்லை. ஆக ஆளுக்கு 20 யூரோவிலிருந்து 25 யூரோவுக்குள் வயிறு நிறையும். பயணக் கட்டணத்தில் இதைச் சேர்த்துச் சொன்னால் மறுக்கிறவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு விருப்பத் தேர்வாக வையுங்கள்.

நம் பக்கத்து நியாயம் மட்டும் பேசினால் போதாது. அந்த ஊர்க்காரர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டுச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்ததை எதிர்த்துப் புறப்பட்டவர்களிடமிருந்துதான் 1986ல் கார்லோ பெட்ரினியின் ஸ்லோ ஃபுட் (நிதான உணவு) இயக்கம் பிறந்தது. அந்த எண்ணத்தை ஊர் முழுக்க விரித்து, 1999ல் தொடங்கிய சித்தாஸ்லோ (நிதான நகரம்) அமைப்பைக் கட்டிய நான்கு ஊர்களில் ஓர்வியேட்டோவும் ஒன்று. அமைப்பின் தலைமையகமும் இங்கேதான். உள்ளூர் விளைச்சலையும் உள்ளூர்க் கடைகளையும் காப்பாற்றுவது என்று ஊராட்சியே முடிவெடுத்து நடக்கும் ஊர் இது. அங்கே நாற்பது பேர் ஏறி, படம் எடுத்து, ஒரு காப்பிக் கடையில் கழிவறை எங்கே என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு காப்பிகூட வாங்காமல் இறங்குகிறோம். அவர்கள் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்த ட்ரட்டோரியாவின் மேசைகள் நிறைந்தால்தான் அந்த அம்மாள் நாளைக்கும் மாவு உருட்டுவார். கீழே பள்ளத்தாக்கில் பயறு விதைப்பவர் அடுத்த ஆண்டும் விதைப்பார்.

இப்படி வந்து போகும் கூட்டத்தால் மற்ற ஊர்கள் என்ன செய்யத் தொடங்கின என்று உங்களுக்கே தெரியும். ஓர்வியேட்டோவுக்குப் பக்கத்துச் சிவித்தா தி பஞ்ஞொரேஜோவில் 2013லிருந்து ஊருக்குள் நுழையவே கட்டணம். வெனிஸில் 2024லிருந்து, தங்காமல் வந்து போகிறவர்கள் குறிப்பிட்ட நாட்களில் கட்டணம் கட்ட வேண்டும். ஃப்ளாரன்ஸில் 2018ல் சில தெருக்களில் நடைபாதையிலும் படிகளிலும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கே தடை போட்டார்கள். அப்போது 500 யூரோ வரை அபராதம். கையில் பொட்டலத்தைக் கொடுத்து எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று நம் பெரியவர்களை விடுவதில் இப்படிப்பட்ட ஆபத்தும் இருக்கிறது.

கடைசியாக, 'சாதம் இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் கோபப்படுவார்கள்.' படுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். எலுமிச்சைச் சாதத்தையோ தயிர்ச் சாதத்தையோ நான் குறைத்துப் பேசவில்லை. அலைந்து களைத்த உடம்புக்கு இரவில் ஒரு வாய் ரசஞ்சாதம் எவ்வளவு ஆறுதல் என்பது எனக்கும் தெரியும். இரவுக்கு உங்கள் ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். மதியம் ஒரு வேளை மட்டும் மாற்றிப் பாருங்கள். காரம் போதாது என்பவர்களுக்கு மிளகாய் ஊறிய எண்ணெயோ காய்ந்த மிளகாய்த்தூளோ கேட்டால் தருவார்கள். பெபெரொன்சீனோ என்றால் போதும். ஊறுகாய்ப் பாட்டிலை மேசையில் எடுத்து வைப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல்லுங்கள். அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அடுத்த பருவத்துக்கான பயணத்திட்டத்தை அச்சடிக்கும் முன் ஒரே ஒரு குழுவுக்கு இதைச் செய்து பாருங்கள். 'மதிய உணவு: ஓர்வியேட்டோ, உள்ளூர் உணவகம்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் மேலே சொன்ன சைவ அட்டையை இத்தாலிய மொழியிலும் தமிழிலும் தயாரித்து வைத்திருக்கிறேன். கேட்கும் எவருக்கும் இலவசமாகத் தருகிறேன், உங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். குழு திரும்பியதும் கருத்துப் படிவத்தில் அந்த மதியத்தைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வையுங்கள். அவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு அடுத்த குழுவைப் பற்றி முடிவெடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பயணி ஒருவரின் மகள்